கேட்பது மரியாதைக் குறைவா?

"பேராசை பெருநஷ்டம். அவ்வளவுதான் சார்!" என்று சொல்லிவிட்டு நண்பர் காப்பியை ஆற்ற ஆரம்பித்தார்.

சேலத்தில், அவர் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். அவர் ஓய்வு பெற்ற உத்தியோகஸ்தர். நல்ல மனிதர். நிறையப் படிப்பவர். என் கதைகளையும் விடாமல் படிக்கிறார் என்றால் அவருடைய பொறுமைக்கு வேறு சாட்சியம் தேவையில்லை. பேச்சு எங்கெங்கோ சுற்றி ஈமு கோழியில் வந்து நின்றது. "மாசம் ஆறாயிரம் சும்மா வரும் என்று எவனோ சொன்னானாம்; இவர்கள் நம்பினார்களாம். ஏமாற்றியவனைச் சொல்லிப் பிரயோசனம் இல்லை. பட்டிக்காட்டு ஜனங்களுக்கு ஆசை ஜாஸ்தி!" என்று அவர் தீர்ப்பை வாசித்து முடித்தார்.

அவர் வீட்டில், அவர் கொடுத்த காப்பியைக் குடித்துக்கொண்டு, அவரோடு சண்டை போட எனக்கு மனம் வரவில்லை. அன்று சொல்லாமல் விட்ட பதிலை இங்கே எழுதுகிறேன். எழுதியே தீரவேண்டிய கடன் ஒன்றும் எனக்கு இருக்கிறது. அது என்ன கடன் என்பதைப் போகப் போகச் சொல்கிறேன்.

முதலில் விஷயத்தை மறந்துபோனவர்களுக்காக இரண்டு வார்த்தை. ஈமு என்பது ஆஸ்திரேலியப் பறவை. பறக்காது, ஆளுயரம் நிற்கும், கரும்பச்சை நிறத்தில் முட்டையிடும், பெட்டை முட்டையிட்டுவிட்டுப் போக, சேவல்தான் எட்டு வாரம் அடைகாக்கும். 1932-ல் மேற்கு ஆஸ்திரேலியாவில் கோதுமைப் பயிரை அழிக்கிறதென்று இதை ஒழிக்கச் சிப்பாய்களை இயந்திரத் துப்பாக்கியோடு அனுப்பினார்கள். சிப்பாய்கள்தான் தோற்றுத் திரும்பினார்கள். அப்பேர்ப்பட்ட பறவை நம் கொங்கு நாட்டுக்கு வந்து கம்பி வலைக்குள் அடைபட்டது. பெருந்துறையில் சுசி ஈமு பார்ம்ஸ் என்ற ஸ்தாபனம் இதில் பேர் பெற்றது. அதைப் பார்த்து ஈரோடு, சேலம், நாமக்கல் பக்கங்களிலெல்லாம் கம்பெனிகள் முளைத்தன. டெலிவிஷனிலும் பத்திரிகையிலும் சினிமா நட்சத்திரங்கள் தோன்றிய விளம்பரங்கள் வந்தன. 2012 ஆகஸ்டில் பெருந்துறையில் கட்டடம் சரிந்தது. பணம் கட்டியவர்கள் கம்பெனி வாசலில் கூடினார்கள். மற்றவையும் ஒவ்வொன்றாய்ச் சரிந்தன. தீனியில்லாமல் பறவைகள் செத்து விழ, சர்க்காரின் கால்நடைத் துறை தீவனம் கொண்டுபோய்ப் போட நேர்ந்தது. பிற்பாடு, கோவையிலுள்ள சிறப்பு நீதிமன்றம் சுசியின் நிர்வாகிக்குப் பத்தாண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. போன பணத்துக்காக ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அலைந்தன.

இந்த ஆயிரக்கணக்கானவர்களில் என் பெரியப்பாவும் ஒருவர். அவர் பணம் கட்டியது பெருந்துறையில் அல்ல. பெயர் சொல்ல நான் விரும்பாத வேறொரு கம்பெனியில்.

அவர் பேராசைக்காரரா? சொல்கிறேன், கேளுங்கள்.

ராசிபுரத்துக்குத் தெற்கே அவருக்குக் கொஞ்சம் மரவள்ளிக் காடு. கூடவே ஐயாயிரம் முட்டைக்கோழி கொண்ட ஒரு பண்ணை. கிழங்கு ஏற்றிக்கொண்டு சேகோ மில்லுக்குப் போனால், மாவுச்சத்துக்குப் பாயிண்ட் பார்க்கும்போது தராசுக்குப் பக்கத்திலேயே நிற்பார். மில்காரர் ஒரு பாயிண்ட் குறைத்துச் சொன்னால், "இன்னொருக்காப் போடுங்க, பாக்கலாம்" என்பார். முட்டை விலையை தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு என்ன அறிவித்திருக்கிறது, வியாபாரி அதற்குக் கீழே எத்தனை காசு குறைத்துக் கேட்கிறான் என்பதெல்லாம் காலையில் பல் விளக்குமுன் அவருக்குத் தெரிந்துவிடும். ஒரு கோழி நாளொன்றுக்குச் சுமார் 110 கிராம் தீவனம் தின்னும். ஒரு மூட்டையில் இரண்டு கிலோ குறைந்தாலும் கண்டுபிடித்துவிடுவார். போர்வெல் போடத் திருச்செங்கோட்டு ரிக் வண்டி வந்தபோது, எத்தனை குழாய் இறங்கிற்று என்று வெயிலில் நின்று சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டு எண்ணியவர். சந்தேகப்படுவதற்கு அவருக்கு நீங்களும் நானும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

அப்பேர்ப்பட்டவர் ஒருநாள் வழவழப்பான காகிதத்தில் அச்சிட்ட ஒரு துண்டுப் பிரசுரத்தோடு என் வீட்டுக்கு வந்தார். ஒன்றரை லட்சம் கட்டினால் ஆறு குஞ்சு. கொட்டகையும் தீவனமும் கம்பெனியே தரும். மாதம் ஆறாயிரம் கையில் வரும். இரண்டு வருஷம் கழித்து முதலும் திரும்பும்.

"ஏங்கண்ணு, நீ பட்டணத்துல நாலு பெரிய மனுசங்களோட பழகறவன். இந்தக் காயிதத்தப் பாத்துச் சொல்லு. போடலாமா, வேண்டாமா?" என்று கேட்டார்.

எனக்கு அன்று ஒரு நாவலின் கடைசி அத்தியாயம் பாக்கி. பிரசுரத்தைப் புரட்டினேன். ஈமுவைப் பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. 'தெரியாது' என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நான் சொன்னது இது:

"விசாரிக்காமயா பெரியப்பா, இத்தனை பெரிய ஆளுங்க விளம்பரத்துல வருவாங்க?"

"அதானே! நீயே சொல்லீட்ட, அப்பறமென்ன" என்று அவர் பிரசுரத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அத்தோடு அவருடைய விசாரணை முடிந்துவிட்டது.

இதுதான் நான் மேலே சொன்ன கடன்.

மாதம் ஆறாயிரம் என்றால் வருஷத்துக்கு எழுபத்திரண்டாயிரம். ஒன்றரை லட்சத்துக்கு நூற்றுக்கு நாற்பத்தெட்டு வட்டி. அப்போது பாங்கியில் நிரந்தர வைப்புக்கு நூற்றுக்கு ஒன்பது கிடைத்தால் அதிகம். இந்தக் கணக்கைப் போட எஸ்.எஸ்.எல்.சி. கூட வேண்டாம். "இந்தப் பறவையின் கறியை யார் தின்கிறார்கள்? முட்டையை யார் வாங்குகிறார்கள்? உங்கள் ஊர்ச் சந்தையில் என்றாவது விற்றதா?" என்று கேட்க ஒரு நிமிஷம் போதும். கேட்டிருந்தால், பழைய பறவையை வாங்குவது புதிதாய்ப் பணம் கட்டுகிறவன் ஒருவன்தான் என்பது அங்கேயே வெளிச்சமாகியிருக்கும். இன்னும் கொஞ்சம் விசாரித்திருந்தால், 1990-களில் அமெரிக்காவில் இதே ஈமுவுக்கு இதே பைத்தியம் பிடித்ததும், ஜோடி பல ஆயிரம் டாலருக்கு விற்ற பறவையைச் சில வருஷத்தில் வேலியைத் திறந்து விரட்டிவிட்டதும் தெரிந்திருக்கும். தன் கோழிக்கும் தன் கிழங்குக்கும் இந்தக் கேள்விகளையெல்லாம் கேட்கிற மனிதர் இதற்கு மட்டும் ஏன் கேட்கவில்லை?

என்னை நம்பினார். நான் நட்சத்திரத்தை நம்பினேன். நட்சத்திரம் கம்பெனியை நம்பியதோ, கூலியை நம்பியதோ, எனக்குத் தெரியாது. கம்பெனி, "இத்தனை பேர் நம்பியிருக்கிறார்களே, பாருங்கள்!" என்று என் பெரியப்பாவையே சுட்டிக்காட்டி அடுத்தவனைப் பிடித்தது. வட்டம் பூர்த்தியாகிவிட்டது. இந்த வட்டத்தில் ஒருவராவது பறவையைப் பார்த்தோமா? இதற்குப் பேராசை என்று பெயர் வைத்தால், பணம் போட்டவனைத் திட்டிவிட்டு மற்றவர்களெல்லாம் கையைக் கழுவிக்கொள்ளலாம். அந்தச் சௌகரியத்துக்காகத்தான் அந்தப் பழமொழி நமக்கு இவ்வளவு பிடிக்கிறது.

பட்டிக்காட்டு ஜனங்கள் என்றாரே நண்பர், அதையும் பார்த்துவிடலாம். முதலீட்டாளர்களைக் காப்பதற்கென்று தமிழ்நாட்டில் ஒரு தனிச் சட்டம் 1997-ல் வந்தது. அது ஈமுவுக்காக வந்ததல்ல. நிதி நிறுவனங்களை நம்பிச் சேமிப்பைத் தொலைத்த நகரத்து ஜனங்களுக்காக வந்தது. அதற்கு அடுத்த வருஷமே தேக்கு மரம் வளர்த்துத் தருகிறோம் என்ற அனுபவ் பிளாண்டேஷன்ஸ் சரிந்தது. அதில் பணம் போட்டவர்களில் பென்ஷன்தாரர்கள் உண்டு, படித்த உத்தியோகஸ்தர்கள் உண்டு. 2022-ல் சென்னையில் ஆருத்ரா கோல்ட் விவகாரம் வெடித்தது. அங்கே மாத வட்டியே நூற்றுக்கு இருபத்தைந்து, முப்பது என்று சொல்லியிருந்தார்கள். பட்டணத்துப் பட்டதாரிகளுக்கு அந்தக் கணக்கு மட்டும் புரிந்துவிட்டதா? ஆகவே இது பட்டிக்காட்டு வியாதி என்ற பேச்சை விட்டுவிடுவோம்.

பின்னே இது என்ன வியாதி?

நம் பாஷையிலேயே அதற்கு அடையாளம் இருக்கிறது. 'கேள்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். காதால் கேட்பதும் கேட்பதுதான். சொன்னபடி நடப்பதும் கேட்பதுதான். வினா எழுப்புவதும் கேட்பதுதான். ஒரே சொல்லில் மூன்றையும் வைத்தார்கள் நம் முன்னோர். நம் வீடுகளில் முதல் இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு மூன்றாவதைத் திண்ணைக்கு வெளியே தள்ளிவிட்டோம். "பெரியவங்க சொன்னாக் கேட்டுக்கணும்" என்பதில் கேள்விக்கு இடமில்லை. "ஏன்?" என்று கேட்கிற பையனுக்குப் பள்ளிக்கூடத்தில் நாம் வைத்திருக்கும் பட்டம் 'அதிகப்பிரசங்கி'. கல்யாணப் பந்தலில் மாமனாரிடம், ஆஸ்பத்திரியில் டாக்டரிடம், ஆபீஸில் மேலதிகாரியிடம் கேட்டால், கேட்ட விஷயத்துக்குப் பதில் வராது, "யாரிடம் பேசுகிறோம் என்று தெரிகிறதா?" என்ற பதில்தான் வரும். இருபது வருஷம் இப்படி வளர்த்துவிட்டு, இருபத்தோராவது வருஷம் ஒருவன் கோட்டும் டையும் மாட்டிக்கொண்டு வந்து மேஜைமேல் காகிதத்தை விரித்தால், அவனிடம் மட்டும் நறுக்கென்று நாலு கேள்வி கேள் என்றால் எப்படிக் கேட்பான்? வாய் எழும்பாது. மில்காரரிடம் எழும்பிற்றே என்றால், மில்காரர் பெரியப்பாவுக்குச் சமமானவர், சண்டை போடலாம். பெரிய மனிதர் என்று நினைத்த இடத்தில் கேட்பது மரியாதைக் குறைவு!

நான் மரியாதைக்கு விரோதியல்ல. நம்பிக்கைக்கும் விரோதியல்ல. எல்லாவற்றையும் நாமே சோதித்துப் பார்த்துத்தான் நம்புவது என்று கிளம்பினால் பஸ்ஸில் கூட ஏற முடியாது. டிரைவருடைய லைசென்ஸைப் பார்த்துவிட்டா உட்காருகிறோம்? நம்பிக்கை இல்லாமல் ஒருநாள் பொழுது போகாது. நான் ஆட்சேபிப்பது ஒரு துறையில் சம்பாதித்த மதிப்பை இன்னொரு துறையில் செலவு செய்வதை. நன்றாக நடிக்கிறவருக்கு நடிப்பு தெரியும், ஈமு தெரியாது. கதை எழுதுகிறவனுக்கு, தெரிந்தால், கதை தெரியும். அவனுக்கும் ஈமு தெரியாது. ஆனால் கேட்கிறவர் கேட்டுவிட்டால், 'தெரியாது' என்ற நாலெழுத்தைச் சொல்ல, மதிப்பு சம்பாதித்தவனுக்கு நாக்கு எழுவதில்லை. இதை அனுபவித்துச் சொல்கிறேன்.

இது நம் நாட்டுக்கு மட்டும் சொந்தமான பலவீனம் என்றும் நினைத்துவிட வேண்டாம். 1961-ல் அமெரிக்காவில் யேல் சர்வகலாசாலையில் ஸ்டான்லி மில்கிராம் என்ற மனோதத்துவ அறிஞர் ஒரு சோதனையை ஆரம்பித்தார். ஒருவர் தப்பாகப் பதில் சொல்லும்போதெல்லாம் அவருக்கு மின்சார அதிர்ச்சி கொடுக்க வேண்டும் என்று வந்தவர்களிடம் சொல்லப்பட்டது. உண்மையில் அதிர்ச்சி எதுவும் இல்லை, அலறியது நடிப்பு. அது அவர்களுக்குத் தெரியாது. சாம்பல் நிறக் கோட்டுப் போட்ட ஒருவர் பக்கத்தில் நின்று, "தொடருங்கள்" என்றார். அவர் விஞ்ஞானியும் அல்ல; ஒரு பள்ளிக்கூட வாத்தியார். முதலில் வெளியான சோதனையில் நாற்பது பேரில் இருபத்தாறு பேர் 450 வோல்ட் வரைக்கும் போனார்கள். குரூரம் அல்ல, பலர் வியர்த்து விறுவிறுத்து, வேண்டாமே என்று கெஞ்சிக்கொண்டேதான் அழுத்தினார்கள்.

இந்தக் கதையை எல்லோரும் சொல்கிறார்கள். இதன் பிற்பகுதியைச் சொல்கிறவர்கள் குறைவு. இன்னொரு முறை, பக்கத்தில் வேறு இருவரை உட்காரவைத்து, "இனி நான் செய்யமாட்டேன்" என்று அவர்களை நடுவில் எழுந்துகொள்ளச் சொன்னார் மில்கிராம். அப்போது கடைசிவரை போனவர்கள் நாற்பதில் நான்கே பேர். இந்தச் சோதனையை நடத்திய விதத்தைப் பற்றிப் பிற்காலத்தில் ஆட்சேபங்கள் எழுந்தன. வந்தவர்களில் சிலர் இது நாடகம் என்று ஊகித்திருக்கலாம் என்றார்கள். அந்த ஆட்சேபங்களும் வரட்டும். சந்தேகத்தைப் பற்றிய கட்டுரையில் அவற்றை மறைக்கக் கூடாது. ஆயினும் அந்த இரண்டு பேரை என்னால் மறக்க முடியவில்லை. பக்கத்தில் ஒருவன் எழுந்து கேட்டால் மற்றவனுக்கு வாய் திறக்கிறது. பெரியப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் நான். நான் எழுந்திருக்கவில்லை.

இத்தனைக்கும் எங்கே நடந்தது இது! பெருந்துறைக்கு அருகேதான் ஈரோடு. தாம் சொல்வதையும் அப்படியே ஏற்காதீர்கள், சொந்த அறிவால் யோசித்து முடிவு செய்யுங்கள் என்று மேடைக்கு மேடை சொன்ன பெரியார் பிறந்த ஊர். 1944-ல் அவருடைய கட்சி திராவிடர் கழகமாகப் பெயர் மாறியது சேலத்தில். அவருக்குச் சிலை வைத்தோம். யோசிக்கிற வேலையையும் சிலையிடமே ஒப்படைத்துவிட்டோம். மறுபக்கத்தில் பழைமை பேசுகிற நாம் மட்டும் என்ன செய்தோம்? யார் வாயிலிருந்து வந்தாலும் சொல்லின் உண்மையைப் பார் என்கிற குறளைப் பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்வித்தோம். ஒப்பிக்கிற பிள்ளை நடுவில், "இதுக்கு என்ன அர்த்தம் சார்?" என்று கேட்டால், "மொதல்ல ஒழுங்கா ஒப்பி" என்றோம்.

நண்பரிடம் நான் சொல்லாமல் விட்டது இவ்வளவுதான் என்றால் இந்தக் கட்டுரையை இங்கே முடித்திருப்பேன். பெரியப்பாவின் கதை இங்கே முடியவில்லை.

பணம் போயிற்று. காட்டில் ஒரு பகுதியை விற்றுக் கடனை அடைத்தார். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் மனிதர் மாறிப்போனார். முன்பு கிழங்கையும் தீவனத்தையும் மட்டும் சந்தேகித்தவர், இப்போது எல்லாவற்றையும் சந்தேகித்தார். பாங்கி மானேஜர் திருடன், பள்ளிக்கூடம் கொள்ளை, டாக்டர் எழுதுகிற ரத்த அழுத்த மாத்திரை கமிஷனுக்காக. பேப்பர் வாங்குவதை நிறுத்திவிட்டார். ஊரில் இதை ஞானம் என்று சிலர் மெச்சினார்கள். "அடிபட்டவரு, இப்ப யாரையும் நம்பறதில்ல" என்றார்கள்.

2021 மார்ச்சில், அறுபது வயது தாண்டியவர்களுக்குக் கொரோனா தடுப்பூசி போட ஆரம்பித்தார்கள். நான் டெலிபோனில் கூப்பிட்டுச் சொன்னேன்.

"ஊசியாவது ஒண்ணாவது! ஈமுக்கும் இப்பிடித்தான் டிவில பெரிய பெரிய ஆளுங்க வந்து சொன்னாங்க" என்றார்.

"எல்லாரும் போட்டுக்கறாங்க பெரியப்பா" என்றேன்.

"அன்னிக்கும் நீதானே கண்ணு அதயச் சொன்ன?" என்றார். குரலில் கோபமே இல்லை.

அந்த மே மாதம், இரண்டாவது அலையில் அவர் போய்விட்டார். ஊசி போட்டிருந்தால் நிச்சயம் பிழைத்திருப்பார் என்று நான் சொல்லமாட்டேன். அப்படிச் சொல்ல எனக்கு உரிமையில்லை. பிழைக்கும் வாய்ப்பு கூடியிருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஆராயாமல் ஒருவரை நம்புவதும், ஆராய்ந்து தேறியவரைப் பிறகு சந்தேகிப்பதும் இரண்டுமே தீராத துன்பம் என்று தெரிந்துதெளிதல் அதிகாரத்தில் வள்ளுவர் சொல்லியிருக்கிறார். அது ராஜாக்களுக்குச் சொன்னது என்று நினைத்திருந்தேன். ராசிபுரத்துக் குடியானவர் ஒருவர் அதன் இரண்டு பாதியையும் பத்து வருஷத்துக்குள் அனுபவித்து முடித்துவிட்டார்.

எல்லாவற்றையும் நம்புகிறவனும் எல்லாவற்றையும் மறுக்கிறவனும் வேறு வேறு ஆட்கள் அல்லர் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. இருவருமே விசாரிக்கும் சிரமத்தை எடுத்துக்கொள்வதில்லை. ஈமு விளம்பரமும் ஊசி விளம்பரமும் ஒரே பெட்டியில், ஒரே மாதிரி முகங்களோடு வந்தன என்பது மெய். வித்தியாசம் முகத்தில் இல்லை, பின்னால் இருக்கிறது. ஊசியைப் பல்லாயிரம் பேருக்குப் போட்டு, போடாதவர்களோடு ஒப்பிட்டு, எத்தனை பேருக்கு நோய் வந்தது என்று எண்ணினார்கள். எண்ணிய கணக்கை எதிராளியும் பார்க்கும்படி வெளியிட்டார்கள். தப்பைக் கண்டுபிடிப்பதே தொழிலாகக் கொண்டவர்கள் உலகமெங்கும் அதைக் குடைந்தார்கள். பெரியம்மையை இந்த நாட்டிலிருந்து விரட்டியதும் இப்படி எண்ணிப் பார்த்துச் செய்த வேலைதான். 1975-க்குப் பிறகு அந்த நோய் இங்கே இல்லை. ஈமுக் கம்பெனியின் கணக்கை யார் பார்த்தார்கள்? இதை நான் பெரியப்பாவுக்கு எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும். சேகோ மில்லில் தராசுக்குப் பக்கத்தில் நின்ற மனிதருக்கு இது கட்டாயம் புரிந்திருக்கும். "இதிலே பாயிண்ட் பார்க்கும்போது பக்கத்தில் பத்துப் பேர் நின்றார்கள், பெரியப்பா" என்று சொன்னாலே போதும். நானோ, "எல்லாரும் போட்டுக்கறாங்க" என்றேன். கம்பெனிக்காரன் பேசிய பேச்சையே நானும் பேசினேன்.

ஆகையால் சந்தேகப்படக் கற்றுக்கொடுங்கள் என்று நான் சொல்லவில்லை. கேட்கக் கற்றுக்கொடுங்கள் என்கிறேன். சந்தேகம் மனசுக்குள் புழுங்கிக்கொண்டு கிடக்கும். கேள்வி வெளியே வந்து பதிலுக்குக் காத்திருக்கும். சரியான பதில் வந்தால் ஒப்புக்கொள்ளும். இதை உனக்கு எப்படித் தெரியும்? வேறு யார் சரிபார்த்தார்கள்? நீ சொல்வது தப்பானால் நஷ்டம் உனக்கா, எனக்கா? பணம் எங்கிருந்து வந்து எங்கே போகிறது? இவற்றைக் கேட்கும்போது எதிரே இருப்பவருடைய முகத்தைப் பாருங்கள். விஷயம் தெரிந்த டாக்டர் பதில் சொல்வார். நேரமில்லையென்றால் நாளைக்கு வரச் சொல்வார். விஷயம் இல்லாதவர் கோபித்துக்கொள்வார். கேள்விக்குக் கோபப்படுகிற பெரிய மனிதரிடம் ஒன்றரை லட்சம் அல்ல, ஒன்றரை ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

இதை வீட்டில்தான் ஆரம்பிக்க வேண்டும். சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் பேரன் "ஏன் தாத்தா?" என்றால், "சொன்னாக் கேளு" என்பதற்குப் பதிலாக ஒரு காரணம் சொல்லிப் பாருங்கள். காரணம் இல்லையென்றால், இல்லை என்று ஒப்புக்கொள்ளுங்கள். மரியாதை எங்கும் ஓடிப்போய்விடாது.

போன மாதம் பெரியப்பாவின் பேரன் என்னிடம் வந்தான். டெலிபோனில் ஏதோ ஒரு செயலியாம். பணம் போட்டால் வாரா வாரம் பெருகுமாம். "நீங்க சொன்னாப் போடறேன் சித்தப்பா" என்றான்.

"எனக்குத் தெரியாது" என்றேன்.

எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்தது. அவன் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் பார்த்தான். "தெரியாது. உட்கார். இந்தக் கம்பெனி எங்கே பதிவாகியிருக்கிறது, பணத்தை என்ன செய்கிறார்கள் என்று ரெண்டு பேரும் தேடிப் பார்ப்போம்" என்றேன். அரை மணி நேரத்தில் அவனே மூடி வைத்துவிட்டான்.

சேலத்து நண்பர் இதைப் படிப்பார் என்று எனக்குத் தெரியும். அவர் என்மேல் வருத்தப்பட வேண்டாம். அடுத்த முறை அவர் வீட்டுக்கு வரும்போது, பாங்கியில் யாரோ சொன்னார்கள் என்று அவர் கையெழுத்துப் போட்ட அந்தப் பாலிசிக் காகிதத்தை எடுத்து வைக்கட்டும். படித்துவிட்டுத்தான் போட்டாரா என்று கேட்பேன். அவரும், நான் இங்கே எழுதியதில் எது சரி, எது தப்பு என்று என்னைக் கேட்கட்டும். நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.